புளிப்பும் நுரையும்: தோற்றவர் கையில் என்ன கொடுப்பீர்கள்?

குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேபில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பெங்களூர் அல்சூரில் மொட்டைமாடியும் ஜாடிகளுமாக இருக்கிறவள் நான். எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் 'ஊறுகாய் ஏன் பூத்தது' ரகம். இந்த மாதம் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. அதற்கே பாதிப் பக்கத்துக்கு மேல் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சேலத்துக்காரன். பெங்களூரில் இஞ்சி பானமும் கொம்புச்சாவும் (சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த தேநீர்) பாட்டிலில் விற்கும் சின்ன கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். மொத்தம் 11 பேர். வெளிநாட்டு பீர் கம்பெனிகள் 'வீட்டில் காய்ச்சுவோர் போட்டி' நடத்துவதைப் பார்த்துவிட்டு, நாமும் ஜனவரியில் நடத்தலாம் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். மேடை, பாட்டுக் கச்சேரி, முதல் பரிசு 1 லட்சம் என்று திட்டம். பீரையும் சேர்த்தால் கூட்டம் வரும் என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது, அம்மா?
– எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்

பதில்: தம்பி, முதலில் பீரை எடுத்துவிடுங்கள். மது என்பது மாநிலத்தின் கையில் இருக்கிற விஷயம். கர்நாடகத்தில் 1965-ஆம் வருட எக்சைஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்த வீடு, சொந்த வாய் என்ற வாதமெல்லாம் எடுபடாது. உங்கள் போட்டிக்கு வரும் ஒவ்வொரு பீர் பாட்டிலும் பெயர், விலாசம், கையெழுத்தோடு வந்து சேரும் ஒப்புதல் வாக்குமூலம். அதை வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்திருக்கும் உங்கள் கதி என்ன?

'எங்களுடையது மது இல்லையே' என்று உடனே நிம்மதி அடையாதீர்கள். 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். இஞ்சியும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்த ஜாடி அந்தக் கோட்டைத் தாண்டுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? பால்காரர் பாலில் விடும் மானி மாதிரி ஹைட்ரோமீட்டர் என்று ஒன்று உண்டு, பானத்தின் அடர்த்தியைக் காட்டும் (வெறும் தண்ணீருக்கு 1.000). லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்ட இஞ்சித் தண்ணீரில் அதை மிதக்கவிட்டால் சுமார் 1.038 காட்டும். புளிக்க ஆரம்பித்து 1.034-க்கு இறங்கினாலே கதை முடிந்தது. வித்தியாசம் 0.004, அதை 131.25-ஆல் (பீர் காய்ச்சுவோரின் வழக்கமான பெருக்கெண்) பெருக்கினால் ஆல்கஹால் 0.525 சதவீதம். அளப்பதற்கு முன் பானத்தை டம்ளருக்கு டம்ளர் ஆற்றி வாயுவை வெளியேற்ற வேண்டும், நம் காபி ஆற்றுகிற மாதிரி. இல்லாவிட்டால் நுரைக் குமிழிகள் மானியின் அடியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிக் காட்டும். பானம் யோக்கியமானது போலத் தெரியும்.

கொம்புச்சாவில் இந்தக் கணக்கும் உதவாது. அங்கே ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்க, பக்கத்திலேயே இருக்கிற பாக்டீரியா அந்த ஆல்கஹாலை வினிகர் புளிப்பாக்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு உண்டானது, எவ்வளவு மிச்சம் என்று மானிக்குத் தெரியாது. அதனால் இறுதிச் சுற்றுக்கு வரும் ஐந்தாறு பாட்டில்களை மட்டுமாவது அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பிவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வாங்கும்போதே பி.எச். பாருங்கள் (புளிப்பைச் சொல்லும் எண், புளிப்பு ஏற ஏற இது குறையும்). 4.6-க்கு மேல் காட்டினால் நடுவர் வாய்க்குப் போகக் கூடாது. மீட்டரை அன்று காலையில் பி.எச். 4, 7 என்று தெரிந்த இரண்டு கரைசலிலும் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். சரிபார்க்காத மீட்டரை விட என் நாக்கு மேல்.

அப்புறம் பாட்டில். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டது. மே மாதம். வந்த பாட்டில்களை எல்லாம் மேடைக்குப் பின்னால் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கியிருந்தார்கள். கேட்டதற்கு, 'பெங்களூர்தானே மேடம், ஏ.சி. மாதிரி இருக்கும்' என்றார் பொறுப்பாளர். பன்னிரண்டரைக்கு முதல் பாட்டில் வெடித்தது. கம்பி வைத்து மூடுகிற கண்ணாடி பாட்டில், உள்ளே அன்னாசி. ஒரு பையனுக்குக் கையில் கிழித்துவிட்டது. நல்ல வேளை, கண் இல்லை. மற்ற பாட்டில்கள் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். சாக்கின் ஈரத்தில் காகித லேபிளில் பேனாவால் எழுதிய எண்கள் கரைந்துபோயின. 11-ஆ 17-ஆ என்று தெரியாத ஒரு பாட்டிலுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்தேன். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்' (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்று கன்னடத்தில் பதில் வந்தது. ஆட்டோவில் நாலாவது ஆளாக ஏறும்போது சொல்ல வேண்டிய வார்த்தை அது.

எனவே கண்ணாடி வேண்டாம். சோடா அடைத்து வருகிற 500 மில்லி பெட் பாட்டில், புது மூடி, ஒரு பானத்துக்கு 2 பாட்டில்: ஒன்று முதல் சுற்றுக்கு, மற்றது இறுதிக்கு. பெட் பாட்டிலை விரலால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். கல் மாதிரி இருந்தால் வாங்குகிற இடத்திலேயே மூடியை மெல்லத் திருகிக் காற்றை விடுங்கள். லேபிள், படம், பெயர் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணை நனையாத அட்டையில் எழுதி ரப்பர் பேண்டில் மாட்ட வேண்டும். எண்ணும் பெயரும் சேர்ந்த பட்டியல் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் நடுவர் மேஜைப் பக்கமே வரக் கூடாது.

60 பேர் கலந்துகொண்டால் 120 பாட்டில். கடைகளில் நிற்கிற கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் இரண்டு போதும். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கட்டாயம் இருக்கும். நடுவர் மேஜைக்கு இரண்டு பேர். ஒரு பானத்தை மோந்து, சுவைத்து, எழுதி முடிக்க 10 நிமிடம். ஒரே அமர்வில் 10 பானத்துக்கு மேல் கொடுத்தால் நாக்கு வேலைநிறுத்தம் செய்யும். ஆக 3 மேஜை, 6 நடுவர், சனிக்கிழமை இரண்டு அமர்வு, ஞாயிறு இறுதி. இடையில் கடிக்க வெறும் ரொட்டி, குடிக்கத் தண்ணீர். மல்லிகைப்பூ, சென்ட், வெற்றிலை எதுவும் அறைக்குள் வேண்டாம். மதியம் பிரியாணி ஏற்பாடு செய்திருப்பீர்கள், அதை ஆறு மணிக்குத் தள்ளுங்கள். சினிமா முகம் யாரையும் நடுவராக உட்கார வைக்காதீர்கள். உங்கள் கம்பெனிக்காரர்களும் வேண்டாம், அவர்கள் ஊற்றட்டும், டம்ளர் கழுவட்டும். ஒரு லேப் ஆள், ஒரு சமையல்காரர், வருடக்கணக்காக ஜாடி வைத்திருக்கும் ஒரு வீட்டம்மா: இந்த மாதிரிக் கலவைதான் நியாயம் பேசும்.

மதிப்பெண்ணுக்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பு ஒன்று 50 மதிப்பெண் தாள் வைத்திருக்கிறது: வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் தெரியும் கனம் 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. தோற்றத்துக்கு 3! மார்க்கெட்டிங்காரர் ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டிய எண். இரண்டு நடுவர்களின் மொத்தம் 7-க்கு மேல் விலகினால் பேசி நெருங்கி வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 60 பேரில் பரிசு வாங்கப்போவது 3 பேர். மீதி 57 பேர் கையில் என்ன கொடுப்பீர்கள்? சான்றிதழா? கூப்பனா?

நானும் ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். நெல்லிக்காய், இஞ்சி, கொஞ்சம் நன்னாரி. இரண்டு மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. '32/50. நன்று. தொடர்ந்து முயலவும்.' அவ்வளவுதான். எதை முயல்வது? ஏதோ ஒரு மருந்து நெடி அதில் இருக்கிறது என்று எனக்கே தெரியும், எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. 31 வருடம் லேபில் இருந்தவளுக்கே பிடிபட நாலு மாதம் ஆனது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரின் குளோரின். நெல்லிக்காயிலும் தேயிலையிலும் இருக்கிற பீனால் வகைகளோடு அது சேர்ந்தால் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாசனை வரும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றினேன், போய்விட்டது. அந்த நடுவர் 'பிளாஸ்திரி நெடி, தண்ணீரைப் பார்க்கவும்' என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் நான் அந்தக் கம்பெனியின் பாட்டிலை ஆயுசுக்கும் வாங்கியிருப்பேன். இன்றுவரை வாங்கவில்லை.

வீட்டில் ஜாடி வைப்பவர்களுக்கு உண்மை சொல்ல ஆள் கிடையாது. வீட்டுக்காரர் 'நல்லாத்தான் இருக்கு' என்பார், சிநேகிதி 'சூப்பர்' என்பாள். முகம் தெரியாத ஒருவர் தன் பானத்தை மதித்துக் குடித்து, என்ன கோளாறு என்று சொல்வாரா என்று பார்க்கத்தான் அவர்கள் அனுப்புகிறார்கள். ஆகவே ஒரு பானத்துக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலு வரி. 'நன்றாக இல்லை' என்று எழுதுகிற நடுவரை அடுத்த வருடம் கூப்பிடாதீர்கள். 'மூடி திறந்ததும் இஞ்சி தெளிவாக வருகிறது. இரண்டாவது வாயில் பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு வாசனை, புளிப்பு முடியும் முன்பே பாட்டிலில் அடைத்துவிட்டீர்கள் போல. இன்னும் 2 நாள் விட்டுப் பாருங்கள்': இதுதான் தாள். 10 நாளைக்குள் போய்ச் சேர வேண்டும், ஜாடி இன்னும் அலமாரியில் இருக்கும்போதே.

1 லட்சத்தை 30 ஆயிரமாகக் குறையுங்கள். (ரொக்கப் பரிசுக்கு வரிப் பிடித்தம் உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்டு, முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.) மீதியில் லேப் செலவு, நடுவர் சன்மானம், ஃப்ரிட்ஜ் வாடகை எல்லாம் அடங்கும். பாட்டுக் கச்சேரி இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வருகிற கூட்டத்துக்குப் போட்டிப் பானங்களை ஊற்றிக் கொடுக்காதீர்கள். அவை வீட்டுச் சமையலறையில் ஆனவை, யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் பெயர் உங்கள் கம்பெனிக்குத்தான். கூட்டத்துக்கு உங்கள் பாட்டில், நடுவர்களுக்கு மட்டும் போட்டிப் பாட்டில்.

ஜனவரி சரிதான், ஆனால் அறிவிப்பு அக்டோபர் கடைசியிலேயே வந்துவிட வேண்டும். கொம்புச்சா முதல் ஊறலுக்கு 7 முதல் 14 நாள், பாட்டிலில் இன்னும் சில நாள். பெங்களூர்க் குளிரில் அதற்கும் மேல் இழுக்கும். ஒருமுறை கெடுத்து இன்னொருமுறை போட நேரம் வேண்டாமா?

கேள்வி: இப்படி ஒரு போட்டி விதியில் 'அனுப்பப்படும் எல்லாச் செய்முறைகளும் நிறுவனத்துக்கே சொந்தம்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– ஃப்ரேசர் டவுன் வாசகி

பதில்: போடாதீர்கள். 60 பேரின் செய்முறையை ஒரு பரிசு விலைக்கு வாங்குகிற வியாபாரம் இது. பதிப்புரிமைச் சட்டம் நீங்கள் எழுதிய வாசகத்தைத்தான் காக்கும், இஞ்சியை எத்தனை நாள் ஊறவிடுவது என்கிற முறையைக் காக்காது. அதனால் சட்டத்தை நம்பாமல், விதியிலேயே கேட்டு வாங்குங்கள்: ஜெயித்த செய்முறையை மட்டும் கம்பெனி தயாரிக்கலாம், எத்தனை லிட்டர், எத்தனை மாதம், உங்களுக்கு எவ்வளவு, பாட்டிலில் உங்கள் பெயர் எந்த இடத்தில். ஜெயிக்காதவர்களுடையது அவர்களுக்கே. எச்.எஸ்.ஆர். தம்பி, நீங்களும் இதைப் படிக்கிறீர்கள்தானே?

கேள்வி: அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சிப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? பெங்களூர் பீருக்குப் பேர் போன ஊர் ஆயிற்றே!
– இந்திரா நகர் வாசகர்

பதில்: அங்கேயும் 1978 வரை வீட்டு பீர் மத்திய சட்டப்படி குற்றம்தான். அந்த வருடம் அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் ஒருவருக்கு வருடம் 100 காலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 காலன் என்று அனுமதித்தது. 100 காலன் என்பது சுமார் 378 லிட்டர். யார் குடிப்பதோ! அதற்குப் பிறகும் மாநிலங்கள் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டியிருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் வழிக்கு வந்தன. 1996-இல் பாஸ்டன் பீர் கம்பெனி 'லாங்ஷாட்' என்று ஒரு போட்டி தொடங்கி, ஜெயித்தவரின் பீரைத் தானே காய்ச்சிக் கடைக்கு அனுப்பியது. உங்கள் ஆசை அதுதான் என்று புரிகிறது.

1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊருக்கும் பீருக்கும் பந்தம் உண்டு. அந்தப் பந்தம் உங்கள் வீட்டு அடுப்பு வரை வரவில்லை. ஒரு குறுக்கு வழி அல்ல, நேர் வழியே இருக்கிறது. லைசென்ஸ் உள்ள மைக்ரோ ப்ரூவரி (சின்ன பீர் ஆலை) ஒன்று செய்முறைப் போட்டி நடத்தலாம். காகிதத்தில் மட்டும். எந்த மால்ட் (முளைகட்டிய தானியம்) எவ்வளவு, எந்த ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) எந்த நிமிடத்தில், ஈஸ்ட் எது, எத்தனை டிகிரியில். அங்கே இருக்கும் ப்ரூவர் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்றைத் தன் லைசென்ஸில், தன் பாத்திரத்தில் காய்ச்சுவார். ஜெயித்தவர் அன்று பக்கத்தில் நின்று துடுப்பு போடலாம். விளம்பரத்தில் மட்டும் ஜாக்கிரதை. கேபிள் டி.வி. விதிகள் மது விளம்பரத்தைத் தடுக்கின்றன. ஏதாவது சந்தேகம் என்றால் எக்சைஸ் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை அடுத்த அதிகாரி வரும்வரைதான்.

கேள்வி: என் கொம்புச்சா மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. போட்டிக்கு அனுப்பலாமா?
– கம்மனஹள்ளி வாசகர்

பதில்: ஈரமாக, வழுவழுப்பாக, தோசை மாவு ஆடை மாதிரி இருந்தால் அது புதிதாக வளரும் ஸ்கோபி (ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த ஆடை). பயமில்லை. காய்ந்து, பஞ்சு மாதிரி இருந்தாலோ, பச்சையோ கறுப்போ தெரிந்தாலோ பூஞ்சை. மேலோடு வழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பும் சாமர்த்தியம் வேண்டாம். மொத்தத்தையும் கொட்டுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து பதநீர் கொண்டுவந்து 'பாரம்பரியப் பிரிவில்' சேர்க்கலாமா?
– கே.ஆர். புரம் வாசகர்

பதில்: பானையில் சுண்ணாம்பு தடவியிருக்கும் வரைதான் அது பதநீர். பஸ்ஸில் வந்து இறங்கும்போது அதற்கு வேறு பெயர் ஆகியிருக்கும். வேண்டாம்.

கேள்வி: எனக்கு சொந்த ஊர் கே.ஜி.எஃப். மகன் வீட்டில் இருக்கிறேன். கேழ்வரகு மாவை இரண்டு நாள் புளிக்கவைத்துக் காய்ச்சி, மறுநாள் மோர் கலந்து கூழ் கரைப்பேன். இந்த மாதிரிப் போட்டிக்கு இதையெல்லாம் எடுத்துக்கொள்வார்களா? இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள் நடுவே கூச்சமாக இருக்கிறது.
– ராமமூர்த்தி நகர் வாசகி

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டும், அக்கா. நான் நடுவராக இருந்தால் இதற்கென்றே ஒரு பிரிவு கேட்பேன்: கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், நீராகாரம், கன்னடக்காரர்களின் ராகி அம்பலி, வடக்கே கறுப்புக் கேரட்டும் கடுகும் போட்டு ஊறவைக்கிற காஞ்சி. கம்பெனிக்காரர்கள் 'இதைப் பாட்டிலில் விற்க முடியாதே' என்பார்கள். விற்க வேண்டாம், தெரிந்துகொள்ளட்டும். இரண்டு நாள் புளிப்பை மூக்காலேயே அளக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

அனுப்பும்போது கொஞ்சம் கவனியுங்கள். மோர், வெங்காயம், உப்பு எதையும் கலக்காமல் கெட்டியாக ஒரு டப்பாவில், மோர் தனியாக இன்னொரு டப்பாவில். ஐஸ் வைத்த பையில் காலையில் கொடுங்கள். படிவத்தில் 'செய்முறை' என்ற கட்டத்தில் மாவு எத்தனை டம்ளர், எந்தப் பாத்திரத்தில் புளித்தது, எத்தனை மணி நேரம் என்று எழுதிவிடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், படிக்கத் தெரிந்த ஒருவரை அவர்கள் தேடிப் பிடிக்கட்டும். தாள் திரும்பி வந்ததும் அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.